றஷ்: வரியில்லாப் பாட்டும் ஒரு நகரத்தின் ஆரவாரமும்

2002 நவம்பர் 23ஆம் திகதி இரவு, பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரில், உதைபந்தாட்டத்துக்குப் பேர்போன மரக்கானா அரங்கில் ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர் சேர்ந்து ஒரு பாட்டைப் பாடினார்கள். அந்தப் பாட்டுக்கு வரிகள் கிடையாது. கிற்றார், பேஸ் கிற்றார், ட்றம்ஸ் ஆகியவை முன்னின்று வாசிக்கும் வெறும் கருவியிசை அது. பாடுவதற்கு ஒரு சொல்லும் இல்லாத இடத்தில், கூட்டம் கிற்றாரின் சுரங்களையே தொண்டையில் ஏற்றிக்கொண்டு, துள்ளித் துள்ளி முழுவதும் கூடவே போனது. அடுத்த ஆண்டு 'றஷ் இன் ரியோ' என்ற பெயரில் வெளிவந்த ஒளிப்பதிவில் இதை இன்றைக்கும் பார்க்கலாம்.

அந்த இசைத்துண்டின் பெயர் 'வை வை ஸெட்'. ரொறன்ரோ பியர்சன் விமானநிலையத்தின் குறியீடு அது. ஊருக்குப் போய் வரும் நம் ஒவ்வொருவரின் பயணப்பெட்டியிலும் ஒட்டப்படுகிற அதே மூன்று எழுத்துகள். விமானிகள் திசையறிவதற்காக ஒலிபரப்பப்படும் மோர்ஸ் குறியீட்டில் அந்த மூன்று எழுத்துகளும் எப்படி ஒலிக்குமோ, அந்தத் தாளத்தில்தான் இசை தொடங்குகிறது. ஐந்தைந்தாக எண்ணவேண்டிய கணக்கு. கண்ட நடையில் பழகிய மிருதங்கக்காரர் ஒருவருக்கு அது சிரமமாக இராது. றொக் இசைக்கு அது வழக்கமில்லாத கணக்கு. ரொறன்ரோவைக் கண்ணால் கண்டிராத பிரேசில் இளைஞர்கள், ரொறன்ரோவுக்குத் திரும்பி வருபவனின் காதில் விழும் சத்தத்தை அன்றிரவு பாடிக்கொண்டிருந்தார்கள்.

இசை நிகழ்ச்சிக் கூட்டத்தின் ஆரவாரத்தை நாம் பெரும்பாலும் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. அது இளம் வயதின் வெறி, பணம் பண்ணுகிறவர்கள் கிளப்பிவிடும் தூசி, அல்லது வெறும் களியாட்டம் என்று கடந்துவிடுவோம். ஆனால் 1968இல் இந்த நகரத்தில் தொடங்கிய றஷ் குழுவின் கதையைக் கூட்டத்தின் பக்கம் நின்று வாசித்தால் வேறொன்று தெரிகிறது. இந்த ஆரவாரத்தின் அடியில் துக்கம் கிடக்கிறது. அகதிகளாக வந்தவர்களின் வீட்டில் பேசப்படாமல் கிடந்த துக்கம் அதில் ஒரு பகுதி. அதனால்தான் இந்தக் கதை நமக்கும் உரியது என்று நினைக்கிறேன்.

கெடி லீ பாடகர், பேஸ் கிற்றார் கலைஞர். அவருடைய இயற்பெயர் கேரி லீ வைன்ரிப். போலந்து யூதரான தாய் 'கேரி' என்று கூப்பிடும்போது அது 'கெடி' என்று ஒலித்தது. கூட்டாளிகள் அதையே பெயராக்கினார்கள். புலம்பெயர்ந்த தாயின் உச்சரிப்பை மறைக்க முயலாமல், அதையே மேடைப்பெயராகக் கொண்டவர். பெற்றோர் நாசிகளின் கட்டாய உழைப்பு முகாமில் இளவயதில் சந்தித்தவர்கள். ஆஷ்விற்ஸில் இருந்தவர்கள். பிறகு தந்தை டாஹாவுக்கும் தாய் பெர்கன்-பெல்சனுக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். போர் முடிந்தபின் அவர் அவளைத் தேடிக் கண்டுபிடித்தார். பெர்கன்-பெல்சனில் இடம்பெயர்ந்தோருக்காக அமைக்கப்பட்டிருந்த முகாமிலேயே திருமணம் செய்துகொண்டு கனடாவுக்கு வந்தார்கள்.

கிற்றார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சனின் பெற்றோர் சேர்பியக் குடியேறிகள். குடும்பப் பெயர் ஷிவோயினோவிச். 'உயிரின் மகன்' என்ற அதன் பொருளை ஆங்கிலத்தில் பெயர்த்து அவர் லைஃப்சன் ஆனார். பல்லில் சிக்கும் பெயரை வகுப்பு ஆசிரியருக்காகச் சுருக்கிக்கொண்ட நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதை புதிதல்ல.

இவர்கள் வளர்ந்த வில்லோடேல், நகரின் வடக்கே அப்போது புதிதாக எழும்பிக்கொண்டிருந்த புறநகர். குழுவின் முதல் நிகழ்ச்சி 1968 செப்ரெம்பரில் அங்கிருந்த ஓர் அங்கிலிக்கன் தேவாலயத்தின் நிலவறையில் நடந்தது. கெடி லீ சில வாரங்களுக்குள் சேர்ந்துகொண்டார். பிறகு உயர்பாடசாலை நடன இரவுகள். 1971இல் ஒன்ராறியோவில் மது அருந்தும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டபின் மதுச்சாலைகள். தேவாலய நிலவறையும் பாடசாலை மண்டபமும் நம்முடைய தமிழ் வகுப்புகளும் பிறந்தநாள்களும் ஆண்டுவிழாக்களும் நடந்த இடங்கள்தான். இந்த நகரத்தில் புதிதாக வந்த எவரும் முதலில் கூடுவது அங்கேதான்.

கெடிக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது தந்தை இறந்தார். முகாமில் கெட்டுப்போன உடல்நலம் திரும்பவில்லை. யூத முறைப்படி மூத்த மகன் பதினொரு மாதம் நாள்தோறும் தொழுகைக்கூடம் சென்று தந்தைக்காக இறைவேண்டல் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் இசை கூடாது. பாடசாலையின் இசை வகுப்பிலிருந்துகூட அவர் விலகவேண்டி வந்தது. துக்க வீட்டில் வானொலியை மூடிவைக்கும் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2023இல் வெளியான தன் வாழ்க்கை நூலில் அவர் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். இசையில்லாத அந்த ஓராண்டுக்குப் பிறகுதான் அவர் கிற்றாரைக் கையிலெடுத்தார்.

தாய் மேரி, கணவர் நடத்திய பலசரக்குக் கடையை நியூமார்க்கற்றில் தானே ஏற்று நடத்தினார். மகன் பாடசாலையை விட்டுவிட்டு நீளமுடி வளர்த்துப் பாட்டுக்காரனாகப் போனது அவருக்குப் பெரிய அடி. ஆனால் 1974இல் முதல் இசைத்தட்டு வெளிவந்ததும் கடையின் கண்ணாடிகள் முழுவதும் றஷ் சுவரொட்டிகளை ஒட்டினார். காசில்லாமல் வந்த பிள்ளைகளுக்கு இசைத்தட்டைச் சும்மா கொடுத்தார். றஷ் குழுவின் கூட்டத்தைத் திரட்டிய முதலாவது ஆள் என்று அவரைச் சொல்லலாம். 2021இல் 95 வயதில் அவர் மறைந்தபோது ரசிகர்களும் சேர்ந்து அழுதார்கள்.

கூட்டம் முதலில் கைகொடுத்தது எல்லைக்கு அப்பால். 1974இல் அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகர வானொலி ஒன்றில் டொனா ஹால்ப்பர் என்பவர் 'வேர்க்கிங் மான்' பாட்டைப் போட்டார். தொழிற்சாலை நகரம். வேலைக்குப் போய் வரும் மனிதனைப் பற்றிய பாட்டு. இது யார், தட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டு அழைப்புகள் குவிந்தன. அமெரிக்க நிறுவன ஒப்பந்தம் அதன் வழியே வந்தது. அதே ஆண்டு யூலையில் ட்றம்ஸ் கலைஞர் நீல் பியர்ட் சேர்ந்தார். சென் கதரின்ஸைச் சேர்ந்தவர், தந்தையின் பண்ணைக்கருவிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தவர். பாடல் வரிகளையும் அவரே எழுதத் தொடங்கினார்.

மூன்றாவது இசைத்தட்டு விற்கவில்லை. மண்டபங்களில் ஆட்கள் குறைந்தார்கள். சின்னச் சின்னப் பாட்டாகப் போடுங்கள் என்று நிறுவனம் நெருக்கியது. அவர்கள் 1976இல் ஒரு பக்கம் முழுக்க இருபது நிமிடம் ஓடும் ஒரே படைப்போடு '2112'ஐக் கொண்டுவந்தார்கள். இசையே தடைசெய்யப்பட்ட எதிர்கால உலகில் ஒருவன் பழைய கிற்றார் ஒன்றைக் கண்டெடுக்கும் கதை அது. வானொலிகள் பெரிதாக ஒலிபரப்பாத அந்தத் தட்டை இளைஞர்கள் வாய்க்கு வாய் சொல்லியே பரப்பினார்கள். அந்த யூனில் மூன்று இரவுகள் ரொறன்ரோ மாசி ஹோலில் வாசித்ததைப் பதிவுசெய்து 'ஓல் த வேர்ள்ட்ஸ் எ ஸ்ரேஜ்' என்று வெளியிட்டார்கள். 1894இல் திறக்கப்பட்ட அந்தப் பழைய மண்டபத்தில் எழுந்த கூச்சலும் சேர்ந்துதான் அந்தத் தட்டு.

விமர்சகர்களுக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. குரல் கீச்சிடுகிறது, கணக்கு அதிகம், கதை நீளம் என்றார்கள். கூட்டத்துக்கோ கணக்கே பிடித்திருந்தது. கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது நம்மவர்கள் தொடையில் தாளம் போட்டு, முத்தாய்ப்பில் சரியாக வந்து சேர்ந்தோமா என்று பார்ப்பதைப்போல, இவர்கள் காற்றிலே ட்றம்ஸ் அடித்தார்கள். 'டொம் சோயர்' பாட்டின் நடுவே பியர்ட் அடிக்கும் உருட்டு வரும் இடத்தில் அரங்கு முழுவதும் கைகள் ஒரேநேரத்தில் இறங்கும். பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் கழிப்பறைக்கு வரிசையே இராத ஒரே நிகழ்ச்சி இதுதான் என்பது ரசிகர்களே சொல்லும் பழைய பகிடி.

கூட்டத்தின் அன்புக்கு எல்லை உண்டு என்று சொன்னவரும் பியர்ட்தான். 1981இல் வந்த 'லைம்லைற்' அதைப் பற்றியது. முன்பின் தெரியாதவரை நெடுநாள் நண்பராக நடிக்கத் தன்னால் முடியாது என்பது அவருடைய நிலைப்பாடு. மற்ற இருவரும் ரசிகர்களைச் சந்திப்பார்கள். அவர் நிகழ்ச்சி முடிந்த கையோடு புறப்பட்டுவிடுவார். ரசிகர்கள் அதற்காக அவரை வெறுக்கவில்லை. அந்தப் பாட்டையே அவர் முன்னால் நின்று உரத்துப் பாடினார்கள். விட்டு விலகி நின்றபடியே நேசிக்க ஒரு கூட்டத்தால் முடியும் என்பதை நான் இதிலிருந்துதான் அறிந்தேன். தலைவர்களையும் நடிகர்களையும் வீட்டு ஆட்களாக்கிக்கொள்ளும் நம் பழக்கத்துக்கு இது நேரெதிர்.

1982இல் 'சப்டிவிஷன்ஸ்' வந்தது. ஒரேமாதிரி வீடுகள் அடுக்கிய புறநகரில் கூட்டத்தோடு ஒட்டமுடியாமல் தனித்து நிற்கும் பிள்ளையின் பாட்டு. அதன் காணொளியில் வரும் பாடசாலை ஸ்காபரோவின் லமோரோ உயர்பாடசாலை. பின்னாளில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வந்து சேர்ந்த வட்டாரம். அந்த நடைவழியில் தள்ளுப்பட்டு நிற்கும் வெள்ளைக்காரப் பையனின் இடத்தில், பத்து ஆண்டுகளுக்குள் நம் பிள்ளைகள் நின்றார்கள்.

1984இல் 'றெட் செக்ரர் ஏ' வந்தது. 1945 ஏப்ரலில் பிரித்தானியப் படை பெர்கன்-பெல்சனுக்குள் நுழைந்தபோது, விடுதலை என்பதை மேரியால் நம்பமுடியவில்லை. வெளியே உலகம் என்று ஒன்று இருந்தால் இதை நடக்க விட்டிருக்குமா, ஆகவே வெளியிலும் எல்லாம் அழிந்துபோயிருக்க வேண்டும் என்றுதான் அவர் முகாமுக்குள் எண்ணியிருந்தார். தாய் சொன்ன இதை மகன் பியர்ட்டுக்குச் சொன்னார். பியர்ட் அதைக் காலமும் இடமும் குறிக்காத ஒரு முகாமின் பாட்டாக எழுதினார். 1984 செப்ரெம்பரில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் வாசித்தபோது எடுத்த ஒளிப்பதிவு இருக்கிறது. ஆட்டத்துக்கு ஏற்ற வேகத் தாளம். கெடி லீ பேஸ் கிற்றாரைத் தொடாமல் விசைப்பலகையில் நிற்கிறார். கீழே ஆயிரக்கணக்கானோர் கையை உயர்த்தி ஆடுகிறார்கள்.

முகாமில் நின்றவளின் நினைவுக்கு ஆடுவதா என்று கேட்கத் தோன்றும். அதிலும் நமக்குத் தோன்றும். நவம்பரில் கொண்டாட்ட நிகழ்ச்சி வைக்கலாமா, மே மாதத்தில் பாட்டுக்கச்சேரி தகுமா என்ற வாக்குவாதம் இந்த நகரத்தில் எத்தனையோ முறை நடந்திருக்கிறது. அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை. இழந்தவர்கள் மௌனம் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். பதினொரு மாதம் இசையை மூடிவைத்த மகனுக்கும் அது தெரியும். ஆனால் மௌனம் மட்டும் ஒரு நினைவை நெடுந்தூரம் கொண்டுபோகாது. ஆடிய கூட்டத்தில் பலருக்கு அது யாருடைய கதை என்று அன்று தெரியாது. பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கமாகக் கடந்துபோயிருக்கக்கூடிய பெர்கன்-பெல்சன், தாளத்தோடு சேர்ந்து அவர்களின் உடம்பில் தங்கிவிட்டது. அந்தத் துக்கம் பாட்டாகி மேடையேற 39 ஆண்டுகள் எடுத்தன.

அடுத்த துக்கம் மேடையிலேயே விழுந்தது. 1997 ஓகஸ்டில் பியர்ட்டின் ஒரே மகள் செலீனா, 19 வயதில், 401 நெடுஞ்சாலையில் கார் விபத்தில் இறந்தார். பத்து மாதத்தில் அவருடைய துணைவி ஜக்லின் புற்றுநோயால் இறந்தார். மகளின் அடக்கநாளில் பியர்ட் மற்ற இருவரிடமும், தான் ஓய்வுபெற்றுவிட்டதாக எண்ணிக்கொள்ளச் சொன்னார். மோட்டார்சைக்கிளில் ஏறி வட அமெரிக்கா முழுவதும் அலைந்தார். 88,000 கிலோமீற்றர். குழு கலைந்ததாக அறிவிக்கவுமில்லை, அவருக்குப் பதிலாக வேறொருவரை வைக்கவுமில்லை. கூட்டமும் காத்திருந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2002 யூனில் அவர்கள் மீண்டும் மேடையேறினார்கள். அந்தப் பயணத்தின் கடைசி இரவுதான் ரியோ. வரியில்லாப் பாட்டைப் பாடிய நாற்பதாயிரம் பேரும் ட்றம்ஸுக்குப் பின்னால் இருந்தவர் எங்கிருந்து திரும்பி வந்திருக்கிறார் என்பதை அறிந்திருந்தார்கள். ஆறுதல் சொல்லச் சொல் இல்லாத இடத்தில் மனிதர் வேறு என்னதான் செய்வது?

இதே மூவரும் சொந்த நகரத்தின் துக்கத்துக்கும் வாசித்தார்கள். 2003 வசந்தத்தில் சார்ஸ் நோய் ரொறன்ரோவைப் பிடித்தது. தொடக்கம் ஸ்காபரோ கிரேஸ் மருத்துவமனை. நம்மவர்கள் செறிந்து வாழும் பகுதியின் நடுவில் இருப்பது. கனடாவில் 44 பேர் இறந்தார்கள். ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் ரொறன்ரோவுக்குப் பயணம் செய்யவேண்டாம் என்று அறிவித்து, ஒரு வாரத்தில் மீட்டுக்கொண்டது. ஆனால் பயம் போகவில்லை. பயணிகள் வரவில்லை. ஆளுக்கு ஆள் விலகி நின்றார்கள்.

யூலை 30ஆம் திகதி டவுன்ஸ்வியூ பூங்காவில், 21 டொலர் 50 சதத்துக்கு, ஒரு பகல் முழுவதும் நிகழ்ச்சி. றோலிங் ஸ்டோன்ஸ், ஏசி/டிசி, கெஸ் ஹூ, றஷ். நாலரை இலட்சத்துக்குக் குறையாத சனம் என்று மதிப்பிட்டார்கள். கனடாவில் ரிக்கற் விற்று நடத்திய நிகழ்ச்சிகளில் அதற்கு முன் இவ்வளவு கூட்டம் கண்டதில்லை. மேடையில் யார் என்ன வாசித்தார்கள் என்பதைவிட, கூடப் பயந்திருந்த ஊர் கூடியது என்பதே அன்றைய செய்தி. கூட்டத்தின் குணக்கேடும் அன்று தெரிந்தது. இளம் பாடகரான ஜஸ்ரின் ரிம்பர்லேக் மேல் போத்தல்களை எறிந்தார்கள். அவர் மீண்டும் ஸ்டோன்ஸோடு பாட வந்தபோதும் எறிய, கீத் றிச்சர்ட்ஸ் முன்னுக்கு வந்து கூட்டத்தை அதட்டவேண்டியிருந்தது. ஒன்றாகப் பாடத் தெரிந்த கூட்டத்துக்கு ஒன்றாக எறியவும் தெரியும். இதை மறைத்துவிட்டுக் கூட்டத்தைப் புகழ்வது சரியல்ல.

2013 ஏப்ரலில் றொக் இசையின் புகழ்மன்றம், தகுதிபெற்றுப் பல ஆண்டுகள் காக்கவைத்தபின், றஷ் குழுவைச் சேர்த்துக்கொண்டது. லொஸ் ஏஞ்சலிஸ் அரங்கில் குழுவின் பெயருக்கு எழுந்த கூச்சல் அடங்க நேரமெடுத்தது. லைஃப்சன் ஒலிவாங்கியின் முன் நின்று, 'பிளா, பிளா' என்ற ஒற்றை ஒலியை மட்டுமே ஏற்றி இறக்கி, கைகளால் அபிநயம் பிடித்து முழு உரையையும் முடித்தார். மண்டபம் சிரித்துக் கூத்தாடியது. அங்கும் சொல் தேவைப்படவில்லை.

2015இல் நாற்பதாண்டுப் பயணம். பியர்ட்டின் தோளும் காலும் வலியெடுத்திருந்தன. புதிய பாட்டில் தொடங்கிப் பின்னோக்கிப் போவதாக நிகழ்ச்சியை அமைத்தார்கள். போகப்போக, மேலங்கி அணிந்த வேலையாட்கள் மேடையின் பொருள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போவார்கள். கடைசியில் எஞ்சுவது கதிரையில் வைத்த ஒலிபெருக்கியும் பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தின் படமும். முடிவில் 'வேர்க்கிங் மான்'. யூன் 17, 19இல் ரொறன்ரோவில் வாசித்தார்கள். நரைத்தவர்களின் பக்கத்தில் அவர்களின் பிள்ளைகளும் நின்று காற்றில் ட்றம்ஸ் அடித்தார்கள். கடைசி நிகழ்ச்சி ஓகஸ்ட் 1, லொஸ் ஏஞ்சலிஸ். ட்றம்ஸைத் தாண்டி மேடையின் முன்பக்கம் வருவதில்லை என்று வைத்திருந்த பியர்ட், அன்று முதல்முறையாக நடந்து வந்து இரு நண்பர்களையும் அணைத்துக்கொண்டார். கூட்டத்துக்கு விளங்கிவிட்டது. 2020 சனவரி 7ஆம் திகதி அவர் மூளைப் புற்றுநோயால் மறைந்தார்.

இன்று வில்லோடேலில் லீ லைஃப்சன் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. அகதியின் மகனுக்கும் குடியேறியின் மகனுக்கும் நகரம் கொடுத்த இடம். 2025 ஒக்ரோபரில், ஜேர்மனியைச் சேர்ந்த அனிகா நிலஸ் என்ற பெண் ட்றம்ஸ் கலைஞரோடு 2026இல் மீண்டும் மேடையேறுவதாக எஞ்சிய இருவரும் அறிவித்தார்கள். பியர்ட்டின் துணைவியும் மகளும் அதற்கு வாழ்த்துச் சொன்னார்கள். பெண்கள் கழிப்பறைப் பகிடி இனிப் பழசாகட்டும்.

நம் பக்கம் திரும்பிப் பார்த்தால், 2013 பெப்ரவரியில் இளையராஜா ரோஜர்ஸ் சென்ரரில் பாடியபோது நம்மிடமும் ஆரவாரம் இருந்தது. இலங்கை வானொலியில் கேட்ட பாட்டுக்கு, பனிக்காலத்தில், ரொறன்ரோவின் பெரிய அரங்கில் எழுந்த ஆரவாரம். அதற்குள்ளும் துக்கம் இருந்தது. விட்டுவந்த வீடும், அந்த வானொலிப் பெட்டியும், உடன் கேட்டவர்களும். ஆனால் பக்கத்தில் இருந்த நம் பிள்ளைகளில் பலருக்கு அது அம்மா அப்பாவின் பாட்டு. றஷ் கூட்டத்தில் தகப்பனும் பிள்ளையும் ஒரே உருட்டுக்குக் கையை இறக்குவதுபோல அங்கே நடக்கவில்லை. அந்தப் பாட்டுகள் பிறந்த ஊர் வேறு, அவர்கள் பிறந்த ஊர் வேறு.

அவர்களுடைய பாட்டு வேறு இடத்தில் எழும்புகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ற் டி போல், மிருதங்கக் கலைஞர் யாஞ்சனோடு சேர்ந்து மிருதங்கச் சொற்கட்டுக்கு ஈடாக ஆங்கிலத்தில் ராப் பாடுகிறார். 2021இல் அவர் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'மேட் இன் ஜஃப்னா'. 1983 யூலையிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ அதே நாற்பது ஆண்டு. இது தற்செயலாகவும் இருக்கலாம். வீட்டில் பேசப்படாதது பிள்ளையின் தொண்டைக்கு வந்து சேர ஒரு தலைமுறைக் காலம் பிடிக்கும் என்பது மட்டும் தற்செயல் அல்ல.

அந்தப் பாட்டு வரும்போது அது நாம் எதிர்பார்த்த மொழியில், எதிர்பார்த்த அடக்கத்தோடு வராது. சத்தமாக இருக்கும். கீழே ஆடுவார்கள். ஆடுகிறவர்களில் பலருக்கு முழுக்கதை தெரிந்திராது. மேரி வைன்ரிப்புக்கும் அந்தச் சத்தம் முதலில் விளங்கியிராது. ஆனாலும் அவர் கடைக் கண்ணாடியை மறைத்துச் சுவரொட்டி ஒட்டினார். நம் கடைகளின் கண்ணாடிகளிலும் இடம் இருக்கிறது.